படகின் துணி உறையைக் கழுவுவதும் காப்பதும்

சில ஆண்டுகளுக்கு முன், மழையில் நனைந்த படகு உறையைக் காய வைக்காமலே மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து விரித்தபோது, மடிப்பு விழுந்த கோடுகளில் எல்லாம் மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசைகட்டி நின்றன. மறுநாள் அதைவிடப் பெரிய பிழையைச் செய்தேன். துணி துவைக்கும் பவுடரைக் கரைத்து ஊற்றி, தரை தேய்க்கும் முரட்டு பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் தேய்த்தேன். புள்ளிகள் ஓரளவு மங்கின. ஆனால் அடுத்து வந்த முதல் மழையிலேயே, அதுவரை ஒரு சொட்டுகூட உள்ளே விடாத உறை ஒழுகத் தொடங்கியது. அழுக்கால் வந்த சேதத்தைவிட நான் கழுவிய விதத்தால் வந்த சேதமே அதிகம் என்பது அப்போதுதான் விளங்கியது. இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் பெரும்பாலான செய்திகள் அந்த இரண்டு பிழைகளையும் தவிர்ப்பதற்கானவையே.

முதலில் துணியை அறிந்துகொள்ளுங்கள்

எந்தத் துணி என்று தெரியாமல் எந்தக் கரைசலையும் உறையின் மேல் ஊற்றக் கூடாது. பெரும்பாலான உறைகளில் உள்பக்க விளிம்பு மடிப்பில் ஒரு சிறு துணிச்சீட்டு தைக்கப்பட்டிருக்கும்; துணியின் பெயரும் கழுவும் முறையும் அதில் இருக்கும். சீட்டு கிழிந்து போயிருந்தால், கண்ணாலும் கையாலும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

இழைக்குள்ளேயே நிறம் ஏற்றப்பட்ட அக்ரிலிக் துணி, படகு உறைகளுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. சன்பிரெல்லா என்ற பெயரில் விற்பது இந்த வகைதான். தொட்டால் கனமான பருத்தித் துணி போல இருக்கும். இருபுறமும் ஒரே நிறமாக, எந்தப் பூச்சும் இல்லாமல் தெரியும். இழையை நூற்பதற்கு முன்பே மூலப்பொருளில் சாயம் கலக்கப்படுவதால், பீட்ரூட்டை எங்கே வெட்டினாலும் சிவப்பாக இருப்பது போல, இழை முழுவதும் நிறம் ஊறியிருக்கும். சாதாரணச் சாயத் துணியோ கத்தரிக்காயைப் போன்றது. ஊதா நிறம் தோலோடு நின்றுவிடும். இந்த வேறுபாடு கறை நீக்கும்போது மிகவும் முக்கியமாகிறது.

பாலியெஸ்டர் உறை அக்ரிலிக்கைவிட இலேசானது, இழுத்தால் அதிகம் நீளாதது. அதன் உள்பக்கத்தில் பெரும்பாலும் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சு இருக்கும்; வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இலேசாகப் பளபளக்கும். அந்தப் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கினாலோ செதில் செதிலாக உரிந்தாலோ, ஈரமும் வெப்பமும் சேர்ந்து அதைச் சிதைத்துவிட்டன என்று பொருள். எவ்வளவு கழுவினாலும் அது மீளாது. வினைல் பூசிய துணி பார்ப்பதற்கு ரெக்சின் போல இருப்பதால் அடையாளம் காண்பதில் சிரமம் இல்லை. மெழுகு ஏற்றிய பருத்திக் கான்வாஸ் இப்போது அரிது. பழைய மரப் படகுகளில் இன்னும் காணலாம். அதற்கு வெந்நீரும் சோப்பும் ஆகாது. குளிர்ந்த தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

இனி வருபவை பெரும்பாலும் அக்ரிலிக்கை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மற்றத் துணிகளுக்கு மாறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறேன்.

வழக்கமான கழுவல்

நல்ல பராமரிப்பில் பெரும்பகுதி வெறும் தண்ணீர்தான். மாதம் ஒரு முறை காய்ந்த தூசியையும் இலைகளையும் மென்மையான துடைப்பத்தால் தள்ளிவிட்டு, குழாய்த் தண்ணீரால் நன்றாக அலசினால், சோப்பு போட்டுக் கழுவும் தேவை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். கடலில் ஓடும் படகானால் இந்த அலசலை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. துணியின் நெசவுக்குள் காய்ந்துபோகும் உப்புத் துகள்கள் காற்றில் உறை அசையும் போதெல்லாம் இழைகளை அராவுகின்றன. அத்துடன் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், மழையே பெய்யாத நாளிலும் துணி முழுதாகக் காய்வதில்லை.

சோப்புக் கழுவலுக்கு மேகமூட்டமான, காற்றோட்டமுள்ள நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. கொளுத்தும் வெயிலில் சோப்பு நீர் நீங்கள் அலசுவதற்குள் துணியிலேயே காய்ந்துவிடும். உறையைக் கழற்றித் தரையில் போட்டுக் கழுவுவதைவிடப் படகின் மீதே கட்டி வைத்துக் கழுவுவது எளிது. துணி இழுவையோடு இருப்பதால் பிரஷ் சீராக ஓடும், காயும்போது அக்ரிலிக் சுருங்கவும் இடமில்லை. படகு தண்ணீரில் மிதக்கும்போது இந்த வேலையைச் செய்யாமல், கரையில் ஏற்றியபின் செய்வது மீன்களுக்கும் மற்ற நீர்வாழ் உயிர்களுக்கும் நல்லது.

4 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் சுமார் 60 மி.லி. மென்மையான திரவ சோப்பு போதும். தண்ணீரின் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. கையை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. முதலில் உறை முழுவதையும் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, பிறகு ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரையுள்ள ஒரு முழுப் பட்டையை எடுத்துக்கொண்டு சோப்பு நீரைத் தடவி, மென்மையான மயிர் பிரஷ்ஷால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். கறை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்துவிட்டுப் போனால், காய்ந்தபின் அந்த இடம் ஒரு வெளிர்ந்த வட்டமாகத் தனித்துத் தெரியும். சோப்பு சில நிமிடம் ஊறட்டும். பட்டை காய்வதற்குள் அலசிவிடுங்கள்.

அலசுவதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மழைத்துளி புதிய உறையின் மேல் முத்தாக உருண்டு ஓடுவதற்குக் காரணம், இழைகளின் மேலுள்ள நீர்விலக்குப் பூச்சு. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயையும் மறு முனை தண்ணீரையும் பற்றிக்கொள்ளும். அது துணியில் தங்கிவிட்டால், பூச்சு நல்ல நிலையில் இருந்தாலும்கூடத் தண்ணீரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துவந்துவிடும். நான் கழுவிய உறை ஒழுகியதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, முரட்டு பிரஷ் பூச்சையே சுரண்டி எடுத்தது. ஆகவே அலசி முடித்ததாகத் தோன்றியபின் துணியை ஓரிடத்தில் இரண்டு விரல்களுக்கிடையே அழுத்திப் பாருங்கள். விரலோரம் வெண்நுரை கசிந்தால் அலசல் இன்னும் முடியவில்லை. தையல் மடிப்புகளில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். நுரை கடைசிவரை ஒளிந்திருப்பது அங்கேதான்.

துணி மிருதுவாக்கும் திரவம், அழுத்தமான நீர்த்தாரைக் கருவி, துணி உலர்த்தும் இயந்திரம் ஆகிய மூன்றும் வேண்டவே வேண்டாம். முதலாவது இழைகளின் மேல் படலமாகப் படிந்து நீர்விலக்குத் தன்மையைக் கெடுக்கும். இரண்டாவது பூச்சைப் பெயர்த்துத் தையலையும் பிரிக்கும். மூன்றாவது அக்ரிலிக்கைச் சுருக்கி, படகுக்குப் பொருந்தாத உறையாக்கிவிடும். கழுவிய உறை காற்றில்தான் காய வேண்டும். ஜிப்புகளை மூடிய நிலையிலேயே காயவிட்டால், சுருக்கம் ஏதேனும் ஏற்பட்டாலும் இரண்டு பக்கமும் மீண்டும் சேராமல் தவிக்கும் நிலை வராது.

பூசணமும் பிற கறைகளும்

அக்ரிலிக் இழையைப் பூசணத்தால் தின்ன முடியாது, பாலியெஸ்டரையும் அப்படித்தான். ஆனால் அந்தத் துணியின் மேல் படிந்திருக்கும் மகரந்தம், இலைச்சாறு, பறவை எச்சம், வெறும் மண் ஆகியவை அதற்கு விருந்து. அதனால்தான் சுத்தமான உறை ஈரமாக இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறது. அழுக்கான உறை சில வாரங்களிலேயே புள்ளி விழுகிறது. பருத்திக் கான்வாஸ் நிலை வேறு: அங்கே இழையே பூசணத்துக்கு உணவு என்பதால், புள்ளி விழுந்த இடம் காலப்போக்கில் இற்றுப்போகும்.

இழைவரை நிறம் ஊறிய அக்ரிலிக் துணியானால், 4 லிட்டர் தண்ணீரில் சுமார் 250 மி.லி. வீட்டு உபயோகத்துக்கான குளோரின் பிளீச் திரவமும் 60 மி.லி. மென்மையான சோப்பும் கலந்து, பூசணம் பிடித்த பட்டை முழுவதும் தடவி, 15 நிமிடத்துக்கு மிகாமல் ஊற விடலாம். பிறகு பஞ்சு அல்லது மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, முன்பு சொன்னதைவிட இருமடங்கு நேரம் அலச வேண்டும். பிளீச் தங்கிவிட்டால் தையல் நூலையும் உலோகப் பட்டன்களையும் மெல்ல அரித்துக்கொண்டிருக்கும். உறையில் தெளிவான பிளாஸ்டிக் சன்னல்கள் இருந்தால் அவற்றில் பிளீச் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தெறித்துவிட்டால் உடனே அலசிவிடுங்கள். படகின் உடல் மேல் வழிந்ததையும் அவ்வாறே அலச வேண்டும்.

கையுறை அணிந்து, திறந்த வெளியில் மட்டும் இந்த வேலையைச் செய்யுங்கள். பிளீச்சுடன் வினிகரையோ வேறு அமிலத்தையோ சேர்த்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவத்தைச் சேர்த்தாலும் நச்சு வாயுதான் வரும். ஒன்று பலிக்கவில்லை என்று இன்னொன்றை அதன் மேலேயே ஊற்றும் பழக்கம் பலருக்கும் உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேற்பரப்பில் மட்டும் சாயம் ஏற்றிய பாலியெஸ்டருக்குக் குளோரின் பிளீச் ஆகாது. பூசணத்தோடு நிறமும் போய்விடும். சோப்பு நீரில் இரண்டு மூன்று முறை பொறுமையாகக் கழுவிப் பார்த்து, அதற்கும் போகாவிட்டால் ஆக்சிஜன் வகை வெளுப்பானை உள்விளிம்பில் ஓர் அங்குலத்தில் தடவிச் சோதித்தபின் பயன்படுத்தலாம். சோதனை முடிவை ஈரத்தில் பார்க்காமல், காய்ந்தபின் பாருங்கள். புள்ளியின் மங்கலான நிழல் மிஞ்சினால் அதை அப்படியே விட்டுவிடுவதே என் வழக்கம்; உயிருள்ள பூசணம் போய்விட்ட பிறகு எஞ்சுவது அழகுக் குறை மட்டுமே, அதைத் துரத்திக்கொண்டு போய்த் துணியை இழக்க வேண்டியதில்லை.

பறவை எச்சத்தைக் காய்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. அதிலுள்ள மணல் போன்ற துகள்கள் துணியைக் கீறிவிடும். நனைத்த துணியை அதன் மேல் கால் மணி நேரம் போட்டு வைத்தால் தானே இளகி வரும். மரப்பிசினுக்கு டர்பன்டைன் எண்ணெயைச் சிறிதளவு துணியில் தொட்டு ஒற்றி எடுத்து, உடனே சோப்பு நீரால் கழுவ வேண்டும். பாலியூரித்தேன் அல்லது வினைல் பூச்சுள்ள துணிகளில் இதை முயலாதீர்கள். துருக்கறைக்குச் சிட்ரிக் அமிலக் கரைசல் உதவும். அது பிளீச்சோடு சேரக் கூடாத பொருள் என்பதால், இரண்டும் தேவைப்பட்டால் வெவ்வேறு நாள்களில், இடையில் முழுதாக அலசியபின் செய்ய வேண்டும். துரு எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்து அந்தப் பட்டனையோ வளையத்தையோ மாற்றாவிட்டால், ஒரு மழைக்குள் கறை திரும்பிவிடும்.

நீர்விலக்குத் தன்மையை மீட்டல்

கழுவிக் காய்ந்த உறையின் மேல் ஒரு குவளைத் தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். துளிகள் உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. சில நொடிகளில் பரவி, துணி கருத்துப்போனால் பூச்சு தேய்ந்துவிட்டது. மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. ஆனால் முடிவுக்கு வருமுன் இன்னொரு முறை வெறும் தண்ணீரில் அலசிக் காயவைத்துச் சோதியுங்கள். தங்கிப்போன சோப்பும் இதே தோற்றத்தைக் கொடுக்கும். அந்தச் சோப்பின் மேலேயே மறுபூச்சு அடித்தால் பணமும் உழைப்பும் வீண்.

அக்ரிலிக்குக்குப் புளோரின் அடிப்படையிலான துணிப் பாதுகாப்புத் தெளிப்பான்கள் பரவலாகப் பயன்படுகின்றன. சிலிக்கோன் அடிப்படையிலானவை மூச்சுவிடும் துணியின் துளைகளை அடைப்பதோடு அழுக்கையும் ஈர்ப்பதால் அவற்றை நான் தவிர்க்கிறேன். எதை வாங்கினாலும் உங்கள் உறைத் துணிக்கு உகந்தது என்று புட்டியில் எழுதியிருக்க வேண்டும். துணி எலும்பு காய்ந்தாற்போலக் காய்ந்திருக்க வேண்டும். தையல் மடிப்பில்கூட ஈரம் இருக்கக் கூடாது. குளிரான நாளைவிட மிதமான வெப்பமுள்ள, காற்று அதிகம் வீசாத நாள் நல்லது. கனமாக ஒரு முறை அடிப்பதைவிட, மெல்லியதாக இரண்டு முறை, இடையில் காயவிட்டு அடித்தால் சீராகப் பிடிக்கும். இரண்டாவது பூச்சு முழுதாகக் காயும்வரை மழை படக் கூடாது என்பதால், வானத்தைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தையலோரம் மட்டும் ஒழுகினால் துணியைக் குறை சொல்ல வேண்டாம். ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு துளைதான். உட்புறமாகத் தையல் அடைப்புத் திரவத்தைத் தடவலாம்; சிறு கசிவுக்குத் தேன்மெழுகுக் கட்டியைத் தையல் வரிசையின் மேல் அழுத்தித் தேய்த்தாலே போதும்.

நூல், ஜிப், பட்டன்

துணி நல்ல நிலையில் இருக்கும்போதே உறை பிரிந்து போவதற்குக் காரணம் நூல். சூரியனின் புறஊதாக் கதிர்கள் பாலியெஸ்டர் நூலைத் துணிக்கு முன்பே பலவீனப்படுத்திவிடும். வெளிப்புறத் தையல் வரிசையின் குறுக்கே கட்டைவிரல் நகத்தால் அழுத்தி ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நல்ல நூல் சும்மா அசையும். வெயிலில் வெந்த நூல் ‘டக்’கென்று அறுந்து, நகத்தில் தூசி போல ஒட்டும். அதே தையலின் உட்பக்க நூல் புதிதுபோல இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வெயில் மிகுதியாகப் படும் மேற்பகுதியில் இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறை செய்தால், காற்றில் உறை பிளந்து போவதற்கு முன்பே மறுதையல் போட்டுவிடலாம். தைப்பவரிடம் பழைய துளைகளின் வழியே தைக்கச் சொல்லுங்கள். புதுத் துளை ஒவ்வொன்றும் புது ஒழுகல். புறஊதாவைத் தாங்கும் பாலியெஸ்டர் நூல் போதுமானது. பிடிஎஃப்இ நூல் (ஒட்டாத பாத்திரங்களில் பூசும் டெஃப்ளான் வகைப் பொருளால் ஆனது) விலை கூடியது என்றாலும் வெயிலால் கெடுவதில்லை, பிளீச்சும் அதை ஒன்றும் செய்யாது. வீட்டிலிருக்கும் சாதாரணப் பருத்தி நூலால் அவசரத்துக்குத் தைத்தால், அது அவசரத்துக்கு மட்டுமே.

ஜிப்பின் பல் பிளாஸ்டிக்காக இருந்தாலும் அதை இழுக்கும் தலை பெரும்பாலும் உலோகம். உப்பு முதலில் பிடிப்பது அதைத்தான். நல்ல தண்ணீரால் அலசிக் காய்ந்தபின் பற்களில் மெழுகுத் துண்டைத் தேய்த்து, நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம். தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். பிரஸ் பட்டனைக் கழற்றும்போது துணியின் ஓரத்தைப் பிடித்து இழுக்காமல், பட்டனுக்கு அடியில் விரலை நுழைத்து நெம்ப வேண்டும். தெளிவான பிளாஸ்டிக் சன்னலை மென்மையான துணியும் சோப்பு நீரும் கொண்டு மட்டும் துடையுங்கள். அம்மோனியாவோ ஆல்கஹாலோ உள்ள கண்ணாடித் திரவங்கள் அதைப் புகைமூட்டமாக்கிவிடும்.

கட்டும் முறையே பாதிப் பராமரிப்பு

உறையின் மேல் ஒரு மீட்டர் நீள அகலத்தில் சராசரியாக 5 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் தேங்கினால், அது 50 லிட்டர். அதாவது 50 கிலோ எடை. அந்த எடை துணியை நீட்டுகிறது, நீண்ட துணி மேலும் தொய்கிறது, தொய்வில் மேலும் தண்ணீர் சேர்கிறது. எந்த நல்ல துணியும் இந்த அழுத்தத்தில் கசியத்தான் செய்யும். உள்ளே அகன்ற தலையுள்ள தாங்குகம்பம் ஒன்றை நிறுத்தி, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் சரிவு கிடைக்குமாறு உறையைக் கட்ட வேண்டும். ஏற்கெனவே தேங்கியிருந்தால் கம்பின் முனையால் குத்தித் தள்ளாமல், உள்ளிருந்து உள்ளங்கையால் மெதுவாக உயர்த்தி வழியவிடுங்கள்.

காற்றுத் தடுப்புக் கண்ணாடியின் மூலை, கயிறு கட்டும் கட்டை, கம்பி முனை ஆகியவை உறையை உள்ளிருந்து தேய்த்துத் துளையிடும் இடங்கள். அவற்றின் மேல் பழைய துவாலையைச் சுற்றலாம்; கம்பி முனைக்குக் கீறிய டென்னிஸ் பந்து நன்றாகப் பொருந்தும். உறையின் உட்புறத்தில் பளபளப்பாகத் தேய்ந்த ஒரு தழும்பு தெரிந்தால், துளை விழும்வரை காத்திராமல் அங்கே இரட்டைத் துணி ஒட்டுப் போட்டுவிடுவது மேல். படபடவென்று காற்றில் அடித்துக்கொள்ளும் உறை, நன்றாக இழுத்துக் கட்டிய உறையைவிட வேகமாகத் தேய்ந்துபோகும்.

உள்ளே ஈரம் சேராமல் இருக்கக் காற்றுத் துளைகள் வேண்டும். ஒன்று உள்நுழையவும் ஒன்று வெளியேறவுமாகக் குறைந்தது இரண்டு. படகின் அடித்தட்டில் தண்ணீர் நின்றால் அது ஆவியாகி உறையின் அடியில் வேர்வை போல அரும்பும். எனவே உறை போடுமுன் அடித்தட்டைத் துடைத்து உலர்த்திவிட வேண்டும்.

பருவம் முடிந்து எடுத்து வைக்கும்போது, உறை முழுதாகக் காய்ந்திருப்பதைத் தையல் மடிப்பைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்யுங்கள். மடிப்பதைவிட ஒரு பிளாஸ்டிக் குழாயின் மேல் சுருட்டுவது நல்லது. தெளிவான சன்னல்கள் உள்ள உறைக்கு இது கட்டாயம், இல்லையென்றால் மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பைக்குள் அடைக்காமல் பழைய பருத்தி விரிப்பில் சுற்றி, எலி எட்டாத உயரத்தில் வையுங்கள். படகின் முன்முனைப் (அணியப்) பக்கம் எது என்று உள்விளிம்பில் சிவப்பு நூலால் ஓர் அடையாளம் தைத்துவிட்டால், அடுத்த முறை அத்தனை பெரிய துணியையும் இரண்டு முறை சுற்றிப் பார்க்க வேண்டியிருக்காது.

ஒட்டுப் போடலாமா, புதிது வாங்கலாமா என்ற ஐயம் வரும்போது, கிழிசலின் ஓரத்தை இரண்டு கைகளாலும் பிடித்து அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். கிழிசல் நீளாமல் துணி நின்றால் ஒட்டுத் தாங்கும். காகிதம் போலக் கிழிந்துகொண்டே போனால், அங்கே போடும் ஒட்டு பிடிப்பதற்கு அதில் துணி இல்லை.